"கண்ணு போயிருமா டாக்டர்?" – வீட்டு பீரும் ஒரே பாத்திரமும்

சற்றே நீளமான இழை. நேரம் இருக்கும்போது முழுசா படிங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். தமிழ்நாட்டுல வீட்டுல பீர் தயாரிக்கிறது குற்றம். 1937-ல சேலம் மாவட்டத்துல இருந்து நடைமுறைக்கு வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னைக்கும் உயிரோடதான் இருக்கு. உரிமம் இல்லாம ஒரு பாட்டில் கூட தயாரிக்க முடியாது. அதனால இது செய்முறைப் பதிவு இல்ல. இன்னொண்ணு, இதுல வர்ற தம்பிகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

மே மாசக் கடைசி. ராத்திரி ஒன்பதரை மணி. கிளினிக்கைப் பூட்டுற நேரம். 27 வயசுத் தம்பி ஒருத்தர், இடது புருவத்து மேல துண்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வர்றாப்ல. சட்டை முன்பக்கம் பூரா ரத்தம். பின்னாடியே அவங்க அம்மா.

துண்டை எடுத்தா புருவத்துக்கு மேல ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டு. கண்ணாடிச் சில்லு. இமை தப்பிச்சிருக்கு. கண்ணுல சாய மருந்து விட்டு, நீல வெளிச்சத்துல பார்த்தேன்; கருவிழியில கீறல் எதுவும் இல்ல. சில்லை எடுத்துட்டு, மரத்துப்போக ஊசி போட்டு, தையல் போட ஆரம்பிச்சேன்.

அம்மா கேட்டாங்க: "கண்ணு போயிருமா டாக்டர்?"

"கண்ணுல எதுவும் படலம்மா. நூலிழையில தப்பிச்சுட்டாரு."

"அதைக் கேக்கல டாக்டர். இவன் வீட்டுலயே பீரு செஞ்சு குடிச்சிருக்கான். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். கள்ளக்குறிச்சியில குடிச்சவங்களுக்குக் கண்ணு போச்சுல்ல, அந்த மாதிரி ஆயிருமா?"

அந்த அம்மா பயந்தது மெத்தனாலுக்கு. அவங்க பையன் கண்ணுக்கு அரை அங்குலம் வரைக்கும் வந்துட்டுப் போனது பாட்டில். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற குழப்பத்தைப் பத்தித்தான் எழுத நினைச்சேன். இது அந்த அம்மாவுக்கு மட்டும் இருக்கிற குழப்பம் இல்ல. படிச்சவங்க, பத்திரிகைக்காரங்க, ஏன் எங்க ஆளுங்கள்லயே பல பேருக்கு இருக்கு.

மெத்தனாலை முதல்ல முடிச்சிடுவோம்.

தானியத்தையோ சர்க்கரையையோ ஈஸ்ட் போட்டு ஊற வச்சா வர்றது எத்தனால். மெத்தனால் அதுல பேருக்குத்தான் இருக்கும். பழங்கள்ல பெக்டின்னு ஒரு பொருள் இருக்கு. அது சிதையும்போது கொஞ்சம் மெத்தனால் வரும். அதனால பழ ஒயின்ல பீரை விட கூட இருக்கும். அதுவும் கண்ணைப் பறிக்கிற அளவு கிடையாது. வீட்டு ஊறல் "ஓவரா புளிச்சு" மெத்தனால் ஆயிருச்சுன்னு சொல்றது வேதியியல் இல்ல, வதந்தி.

அப்ப 2023 மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பத்துலயும் செங்கல்பட்டுப் பக்கமும் 20 பேருக்கு மேல செத்தாங்களே? 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல செத்தாங்களே?

அது ஊறல்ல விளைஞ்ச விஷம் இல்லங்க. தொழிற்சாலைக்குன்னு தயாரான மெத்தனால், பேரல்ல இருந்து பாக்கெட்டுக்கு வந்தது. பெயிண்ட் கரைப்பான், ரசாயன ஆலைன்னு போக வேண்டிய சரக்கை யாரோ ஒருத்தர் திருப்பி விட்டு, இன்னொருத்தர் தண்ணி கலந்து வித்தது. "கள்ளச்சாராயம் விஷமாக மாறியது"ன்னு தலைப்பு போடும்போது, அந்தப் பேரல் எங்கிருந்து கிளம்புச்சுங்கிற கேள்வி காணாமப் போயிடுது. சாராயம் தானா மாறல. மாத்துனவன் இருக்கான்.

படிக்கிறவங்க யாருக்காவது எப்பவாவது உதவும், அதனால இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மெத்தனால் குடிச்ச உடனே பெருசா ஒண்ணும் தெரியாது. சாதாரண போதைதான். நம்ம கல்லீரல் அதை முதல்ல ஃபார்மால்டிஹைடாவும், அப்புறம் ஃபார்மிக் அமிலமாவும் மாத்தும். அந்த அமிலம்தான் பார்வை நரம்பைக் கருக்குது. இதுக்குப் பல நேரம் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூட எத்தனாலும் கலந்திருந்தா இன்னும் தள்ளிப் போகும். வயித்து வலி, வாந்தி, மூச்சு வாங்குறது, பனிமூட்டத்துக்குள்ள பார்க்குற மாதிரி கண்ணு வெளுக்குறது, இதெல்லாம் வந்தா "நேத்து அடிச்சதோட ஹேங்ஓவர்"னு படுக்க வைக்காதீங்க. நேரா அரசு மருத்துவமனை. என்ன குடிச்சாங்கன்னு மறைக்காம சொல்லுங்க. அமிலத்தைச் சரிக்கட்ட மருந்து இருக்கு, மெத்தனால் அமிலமா மாறுறதைத் தடுக்க மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. எல்லாமே நேரத்தோட வந்தாத்தான். எத்தனாலையே முறிவு மருந்தா குடுக்கிறது உண்மைதான். அதுக்காக வீட்டுல பிராந்தி ஊத்திக் குடுத்து வைத்தியம் பண்ணிடாதீங்க.

அம்மாகிட்ட இதைச் சுருக்கமா சொன்னேன். "மெத்தனால்ல போகாதும்மா. பாட்டில்லதான் போயிருக்கும்."

அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, என்னதான் நடந்துச்சுன்னு கேட்டேன்.

பெங்களூர் கம்பெனி வேலை. இப்ப வீட்டுல இருந்தே பார்க்கிறாப்ல. அங்க இருந்தப்ப, கண்ணு முன்னாடியே பீர் தயாரிச்சு ஊத்துற மைக்ரோ ப்ரூவரிகள்ல ருசி பழகியிருக்கு. ஊருக்கு வந்ததும் அந்த ருசி கிடைக்கல. முளைகட்டின பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், அடர்த்தி பார்க்கிற மானி எல்லாம் ஆன்லைன்ல வாங்கி, 20 லிட்டர் போட்டிருக்காப்ல. 650 மில்லி பாட்டில்ல அடைச்சா 30 பாட்டில். அதுல 18-ஐ அன்னைக்கே ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சாச்சு. மீதி 12-க்கு ஃப்ரிட்ஜுல இடமில்ல.

ஃப்ரிட்ஜுல இருந்ததைத் திறந்தா நுரையே இல்ல. இருக்காது. பாட்டில்ல அடைக்கும்போது போடுற கொஞ்சூண்டு சர்க்கரையை ஈஸ்ட் தின்னாத்தான் வாயு வரும். குளிர்ல ஈஸ்ட் தூங்கிரும். தம்பிக்கு அது தெரியல. சர்க்கரை பத்தலன்னு நினைச்சு, மீதி 12 பாட்டிலையும் திறந்து, ஒவ்வொண்ணுலயும் ஒரு குமிச்ச மேசைக்கரண்டி சர்க்கரை போட்டு, மறுபடி மூடி அடிச்சு, மாடிப்படிக்குக் கீழ அடுக்கிட்டாப்ல. திண்டுக்கல் மே மாசத்துல, மாடிப்படிக்குக் கீழ.

கணக்கு ரொம்ப எளிசு. 4 கிராம் சர்க்கரை புளிச்சா ஏறக்குறைய 2 கிராம் கரியமில வாயு வரும். அதாவது சுமாரா 1 லிட்டர் வாயு. குமிச்ச மேசைக்கரண்டின்னா 15 கிராம் வரும். அப்ப முக்கால் லிட்டர் கூட இல்லாத பாட்டிலுக்குள்ள மூணே முக்கால் லிட்டர் வாயு. 35 டிகிரி சூட்டுல அது உள்ள தர்ற அழுத்தம் வெளிக்காற்றைப் போல 9, 10 மடங்கு. உங்க கார் டயர்ல இருக்கிறது வெளிக்காற்றை விட ரெண்டேகால் மடங்குக்குத் தான் கூட. பழைய பாட்டில், ஏற்கெனவே எத்தனையோ தடவை கழுவி அடுக்கின பாட்டில், கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒண்ணு இருந்தாப் போதும்.

ஒரு பாட்டில் வெடிச்சப்ப இவர் அதுக்கு மூணு அடி தள்ளிச் செருப்பு தேடிட்டு இருந்திருக்காப்ல.

"மீதி 11 என்னாச்சு?"

"அப்படியே இருக்கு சார்."

தையலைப் பாதியில நிறுத்திட்டு, முதல்ல வீட்டுல இருக்கிறவங்களுக்குப் போன் போடச் சொன்னேன். படிப்பக்கம் யாரும் போகக்கூடாது. குழந்தைங்க இருந்தா அந்தப் பக்கமே விடாதீங்க. விடியக்காலை வெயில் வர்றதுக்கு முன்னாடி, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விட்டு, கைக்குத் தடிமனான கையுறை போட்டு, நனைஞ்ச சாக்கை மேல போர்த்தி, அப்புறம்தான் மூடியில கை வைக்கணும். இதை ஏன் இவ்வளவு விவரமா எழுதுறேன்னா, இஞ்சி பீர், திராட்சை ரசம், கொம்புச்சான்னு சட்டத்துக்குள்ள வர்றதையே கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி வைக்கிறவங்க இதைப் படிப்பீங்க. உங்களுக்கும் இதே கணக்குதான்.

தையல் முடிஞ்சு டிடி ஊசியும் போட்டாச்சு. தம்பி கிளம்புவாப்லன்னு பார்த்தா, போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாப்ல.

"சார், இனிமே பாட்டிலே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஒரே பாத்திரம். டிசைன் போட்டு வச்சிருக்கேன்."

புருவத்துல அஞ்சு தையலோட ஒருத்தர் டிசைன் காட்டினா என்ன செய்வீங்க? எனக்கும் ஆர்வம் வந்துருச்சு, மறைக்க விரும்பல. உட்கார்ந்து பார்த்தேன்.

வழக்கமா பீருக்கு மூணு நாலு பாத்திரம் வேணும். இடிச்ச முளைத் தானியத்தை 65-67 டிகிரி தண்ணியில ஒரு மணி நேரம் ஊற வைக்க ஒண்ணு. அந்தச் சாறை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைக்க இன்னொண்ணு. ஆற வச்சு ஈஸ்ட் போட்டு ஊற வைக்க ஒண்ணு. அப்புறம் அடைக்கிறதுக்கு பாட்டில். தம்பியோட படத்துல இதெல்லாம் ஒரே 30 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம். தானியம் துணி மூட்டையில. வேலை முடிஞ்சதும் மூட்டையைத் தூக்கிடலாம். அதுலயே கொதி, அதுலயே ஆறல், அதுலயே ஊறல், குக்கர் மாதிரி இறுக்குற மூடி, அடியில ஒரு குழாய். திறந்தா கிளாஸ்ல பீர். இங்க ஒரு பட்டறையில அட்வான்ஸ் கூட குடுத்தாச்சாம். பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்த ஊர்ல வெல்டிங்குக்கா பஞ்சம்.

யோசனை மட்டமில்ல. ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு ஊத்துற ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு ஒரு வாசல் திறக்குது. யூரின் பையைத் தேவையில்லாம கழட்டி மாட்டாதீங்கன்னு நாங்க நர்ஸ்ங்ககிட்ட மல்லுக்கட்டுறது இதே காரணத்துக்குத்தான். கொதிச்ச சாறு 40 டிகிரிக்குக் கீழ இறங்கி, ஈஸ்ட் வேலையைத் தொடங்குற வரைக்கும் அது பாக்டீரியாவுக்கு விருந்து. ஈஸ்ட் பிடிச்சதும் நிலைமை மாறிடும். புளிப்பு ஏறும், ஆல்கஹால் ஏறும், ஹாப்ஸும் தன் பங்குக்குச் சில கிருமிகளை அடக்கும். நல்லா ஊறின பீர்ல காலரா, டைஃபாய்டு கிருமிகள் வளராது. கெட்டுப்போன பீர் பெரும்பாலும் குடிக்க முடியாம இருக்கும், அவ்வளவுதான்.

ஆனா அந்தப் படத்துல எனக்குச் சில இடங்கள் உறுத்துச்சு.

முதல்ல மூடி. நம்ம வீட்டு குக்கர்ல வெயிட்டுக்குப் பக்கத்துல ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கே, பெரும்பாலான குக்கர்ல அது சூட்டுக்கு உருகுற உலோகம். தண்ணி வத்தி சூடு எகிறினா உருகி வழி விடும். ஊறல்ல வர்ற அழுத்தத்துக்குச் சூடு கிடையாது. வெயிட்டு இருக்கிற ஓட்டையில நுரையும் ஹாப்ஸ் சக்கையும் ஏறி அடைச்சா, அந்த வால்வு உருகவே உருகாது. பாட்டில்ல வெடிச்சது 650 மில்லி. இது 30 லிட்டர். குக்கரை ஊற வைக்கிற பாத்திரமா பயன்படுத்தலாம்னு யாராவது வீடியோ போட்டா இதைச் சொல்லுங்க.

அடுத்தது உலோகம். "எவர்சில்வர்"னு விக்கிறது எல்லாம் ஒரே தரம் இல்ல. 304-னு ஒண்ணு இருக்கு. அதை விட மலிவான 202-ம் அதே பேர்லதான் விக்குது. தம்பி செலவைக் குறைக்க இன்னொரு யோசனையும் வச்சிருந்தாப்ல: பழைய இரும்பு டிரம். இங்க நான் கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன். தென்னாப்பிரிக்கக் கிராமங்கள்ல தலைமுறை தலைமுறையா இரும்புப் பானையிலயும் டிரம்லயும் பீர் ஊற வச்சுக் குடிச்சவங்களுக்கு உடம்புல இரும்பு மலையா சேர்ந்து, கல்லீரல் கெட்டுப்போனது மருத்துவப் புத்தகத்துல தனி நோயாவே இருக்கு. புளிப்பு இரும்பைக் கரைக்குது. பரம்பரைக் காரணமும் சிலருக்குக் கூட இருக்கலாம்னு சொல்றாங்க. ஆனா இரும்பு வந்தது பாத்திரத்துல இருந்து. நம்ம பாட்டிங்க புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளையில வைக்க விட மாட்டாங்கள்ல, அதே விஷயம்.

தண்ணி. எங்க ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. தோல் ஷாப்புகள் இருக்கிற பகுதிகள்ல நிலத்தடி நீர் என்ன ஆச்சுன்னு பல ஆய்வு வந்திருக்கு. கொதிக்க வச்சா கிருமி சாகும். உப்பும் குரோமியமும் சாகாது, தண்ணி வத்த வத்த இன்னும் அடர்த்தியாகும்.

சூடு ஒரு பெரிய தலைவலிதான், நிஜமாவே தலைவலி. சாதாரண பீர் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி சுகம். 35-க்கு மேல போனா கனமான ஆல்கஹால்களை அதிகமா உண்டாக்கும், மறுநாள் மண்டையைப் பிளக்கும். வேடிக்கை பாருங்க, இதே மாவட்டத்துல கொடைக்கானல்ல போட்டா ஃப்ரிட்ஜே வேணாம்; ஆனா அங்க தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும். நார்வே கிராமங்கள்ல க்வெய்க்னு ஒரு ஈஸ்ட் குடும்பம் வச்சிருக்காங்க, அது 35-40 டிகிரியிலயும் ஒழுங்கா வேலை செய்யும். தம்பிக்கு இது ஏற்கெனவே தெரிஞ்சிருந்துச்சு. என்னை விட நிறைய படிச்சிருக்காப்ல, நுரையைத் தவிர.

"சார், இதெல்லாம் வெள்ளைக்காரன் விஷயம் இல்ல. நம்ம பாரம்பரியம்"னு சொன்னாப்ல. அது பொய்யில்ல. பெரும்பாணாற்றுப்படையில அரிசிக் கஞ்சியை அகல வாய்த் தட்டுல ஆற வச்சு, முளை நெல் அடையைக் கலந்து, சாடியில ரெண்டு நாள் ரெண்டு ராத்திரி வச்சு, கையால பிழிஞ்சு குடிக்கிற கள் வருது. பார்லி முளை செய்யிற அதே வேலையை நெல் முளை செய்யுது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குது. கடைசியில எல்லாம் ஒரே சாடிதான். பனையிலயும் தென்னையிலயும் கட்டுற கலயமும் அப்படித்தான். சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாட்டி மரத்துல இருந்து இறங்குறதுக்குள்ளயே கள். 1987-ல தடை வர்ற வரைக்கும் எங்க பக்கத்துத் தோப்புகள்ல சர்வ சாதாரணம்.

ஆனா பழசு, வீட்டுல செஞ்சது, இயற்கைன்னா பாதுகாப்புன்னு அர்த்தம் ஆயிராது. 2015 ஜனவரி, மொசாம்பிக் நாட்டுல சிட்டிமான்னு ஒரு ஊர். ஒரு சாவு வீடு. வந்தவங்களுக்கு வழக்கம்போல வீட்டுல செஞ்ச பீர் குடுத்தாங்க. 75 பேர் செத்துப் போனாங்க. முதல்ல முதலைப் பித்தம் கலந்துட்டாங்கன்னு வதந்தி. பின்னாடி ஆராய்ச்சியில தெரிஞ்சது, கெட்டுப்போன மக்காச்சோள மாவுல ஒரு பாக்டீரியா உண்டாக்கின விஷம். போங்க்ரெகிக் அமிலம்னு பேரு. கொதிச்சாலும் போகாது. நான் இதைச் சொல்லக் காரணம் இருக்கு. தம்பியோட அடுத்த திட்டத்துல, செலவு குறையட்டும்னு கோழித் தீவனக் கடை மக்காச்சோளம் பாதி சேர்க்கிறதா இருந்துச்சு. நம்ம பக்கம் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமில்ல. ஆனா தீவனத்துக்குன்னு வச்சிருக்கிறதுல பூஞ்சை பிடிச்சிருக்கான்னு உங்களுக்காக யாரும் பார்க்கிறதில்ல.

இவ்வளவும் பேசி முடிச்சப்ப மணி பத்தரை. கம்பவுண்டர் அண்ணன் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டாரு.

ஆனா அந்தப் படத்துல என்னை அதிகமா உறுத்தினது மூடியும் இல்ல, உலோகமும் இல்ல. அடியில இருந்த குழாய்.

வந்ததுமே நான் வழக்கமான கேள்வியைக் கேட்டிருந்தேன். எவ்வளவு குடிப்பீங்க தம்பி? "எப்பவாவது ஒண்ணு சார்." எல்லாரும் சொல்ற பதில். எப்பவாவதுன்னா என்னன்னு எந்த மருத்துவக் கல்லூரியிலயும் சொல்லித் தர்றதில்ல.

நாங்க படத்தைப் பார்த்துட்டு இருக்கும்போது அம்மா ஒரு ஓரமா விரல் விட்டு எண்ணிட்டு இருந்தாங்க. திடீர்னு கேட்டாங்க:

"முப்பது போட்டன்னு சொன்ன. ஒண்ணு வெடிச்சிருச்சு. பதினொண்ணு கெடக்கு. பதினெட்டு எங்கடா?"

தம்பி பேசல.

12 நாள்ல 18 பாட்டில். நண்பர் ஒருத்தர் ரெண்டு தடவை வந்து நாலு குடிச்சிருக்காரு. மீதி 14 இவர். 5 சதவீத பீர் 650 மில்லியில சுமாரா 25 கிராம் ஆல்கஹால் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஒரு அளவுன்னு கணக்கு வைக்குது. அப்ப ஒரு பாட்டில் ரெண்டரை அளவு. 14 பாட்டிலை 12 நாளைக்குப் பிரிச்சா, தினம் கிட்டத்தட்ட 3 அளவு. ஒரு நாள் விடாம. தம்பி என்கிட்ட பொய் சொல்லல. நிஜமாவே எப்பவாவதுன்னுதான் நம்பிட்டு இருந்திருக்காப்ல.

அந்தப் பொய்யை, அதாவது அவர் தனக்கே சொல்லிக்கிட்டதை, உடைச்சது பாட்டில். காலி பாட்டில் எண்ணுறதுக்குக் கிடைக்கும். அம்மா எண்ணலாம், மனைவி எண்ணலாம், காலையில அவரே எண்ணலாம். 30 லிட்டர் பாத்திரத்துல குழாயைத் திறந்து குடிக்கும்போது எண்ண எதுவும் இல்ல. கிளாஸ் ஒண்ணுதான், எப்பவும் ஒண்ணேதான். அந்தப் பாத்திரம் நிறைஞ்சிருந்தா உள்ள 118 அளவு இருக்கு. கெட்டுப் போறதுக்குள்ள தீர்க்கணுங்கிற அவசரம் வேற.

அதனால இந்த மாதிரி ஒற்றைப் பாத்திர அமைப்பைப் பத்தி, சட்டம் அனுமதிக்கிற ஊர்கள்ல இருக்கிற நம்ம ஆளுங்க கேட்டா நான் சொல்றது இதுதான். வால்வு, வெல்டிங், வெப்பமானி எல்லாம் இன்ஜினியர்கிட்ட கேளுங்க. டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது கொள்ளளவு. 5 லிட்டருக்கு மேல வேண்டாம். பக்கவாட்டுல லிட்டர் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் வைங்க, எவ்வளவு இறங்கியிருக்குன்னு வீட்டுல எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும். இதைச் சொன்னா பீர் ஆர்வலர்கள் என் மேல கோபப்படுவாங்க, படட்டும். குடிக்கே பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல தெளிவா சொல்லிருச்சு. புற்றுநோய் உண்டாக்குற பொருள்கள்ல முதல் பிரிவுல மது 1988-ல இருந்தே இருக்கு. வீட்டுல செஞ்சா அந்த எத்தனால் வேற எத்தனால் ஆயிடாது. கெமிக்கல் இல்லாத பீர்னு என்கிட்ட யாராவது சொன்னா, எத்தனாலே ஒரு கெமிக்கல்தான் தம்பின்னு சொல்லிடுவேன்.

அதே மூச்சுல இன்னொண்ணையும் சொல்லணும். வீட்டுல 5 லிட்டர் ஊறல் போடுறவனையும், மெத்தனால் பேரலைத் திருப்பி விடுறவனையும் "கள்ளச்சாராயம்"னு ஒரே பேர்ல கூப்பிடாதீங்க. 2024-ல சட்டத்தைத் திருத்தி, சாவுக்குக் காரணமானவங்களுக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டு வந்தாங்க. சரி. ஆனா "500 லிட்டர் ஊறல் அழிப்பு"ன்னு செய்தி படிக்கும்போது நமக்கு ஒரு நிம்மதி வருதே, அந்த நிம்மதி மேலதான் எனக்குச் சந்தேகம். கருணாபுரத்துல செத்தவங்களை ஊறல் கொல்லல. பேரல் எந்தக் கிடங்குல இருந்து, எந்தக் கணக்குல கிளம்புச்சுங்கிற கேள்வியைத்தான் ஒவ்வொரு தடவையும் கேக்கணும். வீட்டு பீரைச் சட்டமாக்குங்கன்னு கேக்க நான் வரல. என் ஓபியில வர்ற கல்லீரல்கள் அதுக்கு என்னை விடாது.

அஞ்சாவது நாள் தையல் பிரிக்க வந்தாங்க. காயம் நல்லா ஆறியிருக்கு. புருவத்துல லேசா ஒரு கோடு நிக்கும். 11 பாட்டிலையும் ஹெல்மெட் போட்டு, ஒவ்வொண்ணா திறந்து, பின்னாடி வாய்க்கால்ல ஊத்தியாச்சாம். மூணு பாட்டில் திறந்ததும் மொட்டை மாடி உயரத்துக்கு அடிச்சுதுன்னு அம்மா சொன்னாங்க. அட்வான்ஸ் திரும்பி வராதுன்னு பட்டறையில கைவிரிச்சுட்டதால, அந்த 30 லிட்டர் பாத்திரத்தை மூடியும் குழாயும் இல்லாம வாங்கிட்டாங்க. வீட்டுல விசேஷத்துக்குப் பிரியாணி போட ஆகுமாம்.

தம்பிக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுத்திருந்தேன். எஸ்ஜிபிடி 84. ஸ்கேன்ல கல்லீரல்ல கொழுப்பு, முதல் நிலை. மூணு மாசம் சுத்தமா நிறுத்திட்டு வாங்க, மறுபடி பார்க்கலாம்னு சீட்டுல எழுதியிருக்கேன். ஆகஸ்ட் கடைசியில வரணும்.